அடிமண் பொங்கிய அன்று

கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்த கறுப்பு மண் நுரைத்துப் பொங்கியது.

மண் ஆராய்ச்சிக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த மருதாசலம் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். அது நீலகிரியின் கேத்திச் சரிவில் உருண்டு யாருடைய முட்டைக்கோசுத் தோட்டத்துக்குள்ளோ போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழியிலிருந்து டப்பாவில் மண்ணைச் சுமந்து வந்து கொடுத்த சின்னம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

குழி வெட்டத் தொடங்கிய அன்றே அவர் விளக்கியிருந்தார். செத்த இலையையும் வேரையும் மக்க வைக்கிற நுண்ணுயிர்களின் நொதி என்று ஒன்று உயிருள்ள மண்ணில் இருக்கும். புண்ணுக்குப் போடும் நுரை மருந்தை ஊற்றினால் அந்த மண் பொங்கும். நொதி செத்திருந்தால் சும்மா கிடக்கும்.

மேல்மண் பொங்கியது. தோண்டத் தோண்ட வந்த சாம்பல் நிறக் களிமண் அசையவேயில்லை. அதற்கும் அடியில், பல ஆயிரம் வருடங்களுக்கு முன் புதைந்துபோன கறுப்பு மண் இருக்கிறது. அதுவும் பொங்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நேற்றுச் சொல்லிவிட்டார்.

சின்னம்மையும் அவள் புருஷன் தங்கையாவும் சிலோன் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேரங்கோட்டில் தேயிலை வேலைக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து கூப்பிடும்வரை இந்தக் குழிதான் சோறு போட வேண்டும்.

அதனால்தான் குழிக்குள் நின்ற தங்கையா விசிலடித்தான்.

"எதுக்கும் இன்னொருக்கா பார்த்துப்போடலாமுங்க," என்றார் மருதாசலம். "இந்தவாட்டி நானே எறங்கி அள்ளிட்டு வர்றேன்."

"ஐயா ஏன் எறங்குறீங்க, சேறு வழுக்கும். நான் அள்ளியாறேன்," என்றாள் சின்னம்மை.

அவர் கேட்கவில்லை. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். அடியில் கால் வைத்ததும் வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே மண்ணைச் சுரண்டி எடுத்தார்.

சின்னம்மை குழிக்குள் எட்டிப் பார்த்தாள். சிலோனில் விட்டு வந்த தோட்டத்து மாரியம்மனைக் கூப்பிட்டாள். கடல் தாண்டி அவளுக்குக் கேட்குமா என்று தெரியவில்லை.

மேலே ஏறி வந்தவர் புது மண்ணில் மருந்தை ஊற்றினார். அது அப்படியே தேங்கி நின்றது.

நின்றது.

பிறகு உலை கொதிக்கப் பார்ப்பதுபோல ஒரு குமிழ் எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. எழுப்பிவிட்ட பிறகும் தூக்கம் கலையாதவனைப் போல, மண் மெல்ல மெல்ல நுரைத்தது.

"இது கொஞ்சம் சோம்பேறி மண்ணாட்ட இருக்குதுங்க," என்று சிரித்துவிட்டு மருதாசலம் சேற்றைக் கழுவ ஓடைப் பக்கம் போனார். அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சின்னம்மை மட்டும் கிண்ணத்தின் முன்னால் குந்தியபடி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாடி. இது நெசமாவே உசுரோடதான் கெடக்கு."

"என்ன புதுசாப் பாக்குறவ?" என்றான் தங்கையா. "காலையில நான் வெட்டிக் குடுத்ததும் பொங்குச்சுதானே."

அவள் மடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

அவன் வெட்டிக் கொடுத்த மண்ணை அவள் வரும் வழியிலேயே புதரில் கொட்டியிருந்தாள். கிண்ணத்தில் பொங்கியது, விடியற்காலையில் மடியில் கட்டிக்கொண்டு வந்த, குடிசைக்குப் பின்னால் சாணி போட்டு வளர்க்கும் கீரைப்பாத்தி மண்.