கீறல் என்று அழித்தது

அச்சக ஜன்னலின் வெயில் மேசைமேல் விரித்த தாளில் விழுகிறது. சுருள் விண்மீன் திரளின் படம். ஆயிரம் பிரதி அச்சாகி, மை மணக்க ஓரமாக அடுக்கியிருக்கிறது. படமெடுத்த வானியல் ஆசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிகிறார். "நடுவுல குறுக்க ஒரு வெளிச்சப் பட்டை இருந்துச்சே?" அச்சகத்தில் படங்களைத் திருத்துகிறவர் தலையைக் குனிந்துகொள்கிறார். "கீறல்னு நெனச்சு அழிச்சிட்டேம்மா." "அத்தனையும் நட்சத்திரங்க. அதோட ரெண்டு முனையிலேர்ந்துதான் இந்தக் கைங்க கிளம்புது." தாளில் சுருள் கைகள் இரண்டும் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் நிற்கின்றன. தேநீரோடு வந்த முதலாளி, திருத்துகிறவரின் தோளைத் தட்டுகிறார். "நம்மாளு கண்ணுக்கு ஒரு தூசி தப்பாதும்மா." ஆசிரியை தாளை மெதுவாகக் கவிழ்த்து வைக்கிறார். "ஆமாங்க, ரொம்பச் சுத்தமா இருக்கு." திட்டியிருந்தாலாவது திருத்துகிறவர் தலையை நிமிர்த்தியிருப்பார்.