பை ஓரத்து முடிச்சு

ஜூன் 9, செவ்வாய். கணவனின் சட்டையில் ஒரே ஒரு கிழிசல்தான் என்று நேற்று அவள் எண்ணியது தவறு.

முழங்கைக் கிழிசலைத் தைக்க ஜன்னல் வெளிச்சத்தில் சட்டையை விரிக்கிறாள். பையின் ஓரத்தில் இன்னொன்று. அதை யாரோ ஏற்கெனவே இழையோட்டி அடைத்திருக்கிறார்கள். எறும்பு ஊர்ந்தாற்போல் சன்னமான தையல், நுனியில் ஒரு முடிச்சு. “ஏங்க, இத யாரு தெச்சா?” இன்று விடுப்பில் வீட்டிலிருந்து, கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருப்பவன் திரும்பவில்லை. “நீதான். உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?” “நான் முடிச்சே போட மாட்டேனே. உறுத்துதுன்னு நீங்கதான சொன்னீங்க?” பாதிக் கன்னத்தில் ரேசர் நிற்கிறது. “ஆபீஸ் பக்கத்துத் தையக்காரர்கிட்ட குடுத்திருப்பேன்.” “அவரு மிஷின்ல இல்ல தைப்பாரு? இது கைத்தையல்.” குழாயில் தண்ணீர் வீணாக ஓடுகிறது. அவன் மூடவில்லை.

நாளை, அவன் வேலைக்குப் போனதும், மற்றச் சட்டைகளையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும்.