பச்சை அந்துப்பூச்சி

விடிந்ததிலிருந்து அந்தப் பச்சை அந்துப்பூச்சி சுவரில் அசையாமல் ஒட்டியிருந்தது. யாரும் அதைக் கலைக்கக்கூடாது என்று றைஹானத்தின் கணவனைப் பெற்ற மாமி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மட்டக்களப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கும் அண்ணன் மர்சூக் சாய்ந்தமருதுக்கு வந்து இறங்கியதும், றைஹானத்து அவரைச் சுவரருகே கூட்டிப்போனாள்.

“காக்கா, இது என்ன பூச்சி எண்டு பார்த்துச் சொல்லுங்க. என்ட மாப்பிள்ளைட ரூஹுதான், அவர்ர உசிருதான், பச்சை நிறத்துல வந்திருக்கு எண்டு எல்லாரும் கதைக்காங்க.”

மர்சூக்குக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் தங்கைக்கு இருக்கும் ஒரே ஆறுதலைக் கெடுக்க மனம் வரவில்லை.

“அப்பிடியும் இருக்கலாம் தங்கச்சி.”

“எனக்காகச் சொல்லவேணாம். உண்மையைச் சொல்லுங்க.”

அவர் தயங்கினார். “இது அலரிச் செடியில புழுவா வளர்ற பூச்சி. மாசி, பங்குனியில எல்லா ஊட்டுக்குள்ளயும் வரும். பகல்ல இப்பிடித்தான் உறங்கும்.”

“வெறும் பூச்சிதானே?”

“ஓம்.”

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ நீண்ட மூச்சு விட்டு, “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

“இதை மாமிக்கிட்டயும் சொல்லுங்க காக்கா. என்ட மாப்பிள்ளை போன தோணி இன்னும் கரைக்கு வரல்லதான். அதுக்காக, அவர்ர ரூஹு வந்திட்டு எண்டு என்னை வெள்ளை உடுத்து விதவையா இத்தா இருக்கச் சொல்றாங்க.”

கதவோரம் மாமி நின்றிருந்தார். அவர் கையில் மருமகளுக்கு எடுத்த வெள்ளைச் சேலை இருந்தது.

“வெறும் பூச்சிதானா தம்பி? நல்லாப் பார்த்தீங்களா?”

“நல்லாப் பார்த்தேன் மாமி.”

மாமி சேலையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“புள்ள, உலையில அவனுக்கும் சேர்த்து அரிசி போடு.”