மருந்து ஆகாத மண்

ஜெபராணி டீச்சர் அன்று சரியாக எந்தச் சொல்லைச் சொன்னார் என்பது, அவர் வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த முஹ்சினாவுக்கு இப்போது நிச்சயமாக நினைவில்லை.

டீச்சர் வீட்டுக் கூடத்தில் இருந்த மணி பிளான்ட் தொட்டியைத் தொட்டாலே கறுப்பாகச் சின்னப் பூச்சிகள் கிளம்பின. முஹ்சினா மண்மேல் ஓர் உருளைக்கிழங்குத் துண்டை வைத்து, மறுநாள் புரட்டிக் காட்டினாள். அடியில் வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன.

“வேரைத் தின்னுதுக டீச்சர். மருந்து ஊத்துவமா?”

“வேண்டாம்மா. அதுக்கு மருந்து ஆகாது.”

“மண்ணுக்குக்கூடவா அலர்ஜி?” என்று முஹ்சினா சிரித்தாள். டீச்சர் தொட்டியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“அப்ப மண்ணை மாத்திருவோம் டீச்சர்.”

“செடி பட்டுப்போனாலும் போகட்டும். மண்ணைத் தொடாத.”

அடுத்த வாரம் டீச்சர் சாவியைக் கொடுத்து, தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லிவிட்டு, ஆமத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார். செடி வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், முஹ்சினா வேரைக் கழுவிப் புது மண்ணில் நட்டாள்.

பத்து நாள் கழித்து வந்த டீச்சர், செடி விட்டிருந்த தளிரைக் கவனிக்கவே இல்லை.

“பழைய மண்ணு எங்கன?”

“குப்பை வண்டியில போட்டுட்டேன் டீச்சர். ஒரே புழு.”

டீச்சர் தொட்டிக்குள் கைவிட்டுப் புது மண்ணைக் கிளறிப் பார்த்தார்.

“வெம்பக்கோட்டைப் பக்கம் ஷெட்டுல பட்டாசு மருந்து வெடிச்சப்ப, எம் மவன் ஜாபஸோட உடம்புன்னு சவப்பெட்டியில வைக்க ஒண்ணும் கிடைக்கல முஹ்சினா. அவன் நின்ன இடத்து மண்ணைத்தான் அள்ளிட்டு வந்து இதுல வச்சிருந்தேன்.”

‘அதுக்கு மருந்து ஆகாது’ என்று அன்று முஹ்சினாவின் காதில் விழுந்தது, ‘அவனுக்கு மருந்து ஆகாது’ என்பதாகத்தான் இருக்கும்.

பூச்சிகள் ஒழிந்துவிட்டன. செடி ஜன்னல் வரை படர்ந்துவிட்டது. முஹ்சினாதான் தண்ணீர் ஊற்றுகிறாள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.