பூவாத்தாளின் சம்மதம்

கதவைத் திறந்தவள் தன் பெயர் பூவாத்தாள் என்றதும் வக்கீல் கைருதீன் வாசலில் எழுதியிருந்த வீட்டு நம்பரை மறுபடி பார்த்தார்.

பூவாத்தாள் போன ஆடியில் இறந்துவிட்டதாக அவளுடைய ஒரே மகன் திருமூர்த்தி சொல்லியிருந்தான். கைருதீன் டீ வரவழைத்து ஆறுதல்கூடச் சொன்னார்.

அருள்புரத்து வீட்டை விற்றுப் பனியன் கம்பெனி தொடங்க வேண்டும் அவனுக்கு. ஊரே ஏற்றுமதியில் இறங்கிக்கொண்டிருந்த தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது.

கிரையப் பத்திரம் எழுதுமுன் வீட்டை நேரில் பார்த்துவிடுவது கைருதீனின் வழக்கம். பல்லடம் கோர்ட்டிலிருந்து திரும்பும் வழியில், யாருக்கும் சொல்லாமல் ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்.

கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அவள் பதறிப்போனாள்.

"வக்கீலுங்களா? கோழிக்குத் தண்ணி வெக்கத்தானுங்க வந்தேன். பத்திரம் முடியற மட்டும் முதலிபாளையத்துல தம்பி ஊட்லதான் இருக்கறேன். நான் செத்தவளாவே இருந்துக்கறனுங்க. நீங்க எழுதிப்போடுங்க சாமி."

கைருதீன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீடு மகனுக்குத்தான், ஆனால் அம்மா உயிரோடு இருக்கும்வரை விற்கக் கூடாது. அவள் புருஷன் அப்படி உயில் எழுதிவைத்துப் போயிருந்தார். வேறு வழியே இல்லையென்று மகன் காலைப் பிடித்து அழுதானாம். பெற்ற பிள்ளைக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று இவளும் ஒத்துக்கொண்டாளாம்.

"நீங்க சாகவே வேண்டாங்கம்மா," என்றார் கைருதீன். "சம்மதிச்சு ஒரு கைநாட்டு வெச்சாப் போதும். கடைசி வரைக்கும் நீங்க இருக்கறதுக்கு உங்க மகன் ஒரு எடம் எழுதிக் குடுத்துரோணும். அவ்வளவுதான்."

பூவாத்தாள் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அது அவனுக்குத் தெரியாதுங்களா?"

உயிலோடு திருமூர்த்தி வந்த முதல் நாளே கைருதீன் இதைச் சொல்லியிருந்தார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் அம்மா செத்துப்போனதாகச் சொன்னான்.

"தெரியாதுங்கம்மா," என்றார் கைருதீன்.

பூவாத்தாளின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதானே பார்த்தேன்! வெவரம் பத்தாதுங்க அவனுக்கு. இன்னைக்கே கூப்புட்டுச் சொல்லிப்போடறேன். கேட்டா எத்தனை சந்தோசப்படுவான்!"