நாலு டார்கெட்

"எழில், சொன்னா கோவிச்சுக்காதே. உங்க மாமியார் தெருத்தெருவாப் போய் உன்னைப் பத்திப் பேசிட்டிருக்காங்க."

ஒரே ஊரிலிருந்து கூட வேலைக்கு வரும் ஷமீரா இதைச் சொன்னபோது எழில்மொழியின் இரண்டு கைகளும் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், முழங்கை வரை நீண்ட ரப்பர் உறைகளில் மாட்டியிருந்தன. காதைப் பொத்திக்கொள்ளக்கூட வழியில்லை.

"என்ன பேசறாங்களாம்?"

"'என் மருமக விஷயம், வாய்விட்டுச் சொல்லவே கூச்சமா இருக்கு'ன்னு ஆரம்பிச்சாங்களாம். மீதியை எங்கம்மா சொல்ல மாட்டேங்கறாங்க. உன் காதுக்குப் போகவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்களாம்."

எழிலுக்குச் சுருக்கென்றது. காதல் கல்யாணம் முடிந்து எட்டு மாதம். அத்தை மங்களாம்பிகை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, அது வாஸ்தவம். ஆனால் தாங்கள் குடியிருக்கும் அதே திருக்காட்டுப்பள்ளியில், நடந்தால் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிற எழிலின் பிறந்த வீட்டு வாசலை இன்றுவரை மிதித்ததுமில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த சாதிக் காரணம்தான்.

அந்த எரிச்சலோடு அச்சிலிருந்து டார்கெட்டை எடுத்துத் திருப்பினாள். குறுக்கே மயிரிழை விரிசல். இந்த மாதத்தில் இது மூன்றாவது.

டார்கெட் என்றதும் மிரள வேண்டாம். லித்தியம் சல்பைடு தூளைச் சூட்டோடு அழுத்திச் செய்கிற வட்டு, தின்கிற தட்டை அளவுதான் இருக்கும். வெற்றிடத்தில் வைத்து அயனிகளால் அடித்தால் அணு அணுவாகப் பெயர்ந்து, எதிரே இருக்கும் தகட்டில் மெல்லிய பூச்சாகப் படியும். புது மாதிரி பேட்டரிகளுக்கு அந்தப் பூச்சு வேண்டும். அடி வாங்குவதற்கென்றே பிறந்தது, அதனால் டார்கெட் என்று பேர். ஈரக்காற்று பட்டால் அழுகின முட்டையாக நாறிக் கெட்டுப்போகும். ஐப்பசி மழையில், தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்யத் துணிந்த முதலாளி மதிவாணனுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

"மாசக் கடைசிக்குள்ள நாலு குடுத்தாகணும்மா," என்றார் அவர், விரிசலைப் பார்த்துவிட்டு.

"தெரியும் சார்."

பஸ் ஏறியதும் கணவனுக்குப் போன் போட்டாள். ராம்கி நடவு வயலில் நின்றிருந்தான்.

"ராம்கி, தஞ்சாவூர்ல தனியா ஒரு வீடு பாரு."

"என்னாச்சு?"

"உங்கம்மா என்னை ஊர் முழுக்க நாறடிக்கிறாங்க."

"அம்மாவா? அம்மா அப்படிப் பேசறவங்க இல்லியே!"

"இன்னிக்கு அவங்களையே கேக்கறேன். ஆமான்னு சொல்லட்டும், நாளைக்கே பெட்டியைக் கட்டிடறேன்."

வீடு பூட்டியிருந்தது. தன் சாவியால் திறந்து, விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஆறு மணிக்கு மங்களாம்பிகை குடையோடு வந்தாள். புடவைக் கரையெல்லாம் சேறு. மருமகளைப் பார்த்ததும் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"எங்க அத்தை போய்ட்டு வரீங்க?"

"சும்மா... இங்கதான்."

"சும்மா இல்ல. என்னைப் பத்திப் பேசத்தான் போறீங்க. என்கிட்ட குறை இருந்தா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க அத்தை. எதுக்கு வீடு வீடா ஏறி இறங்கி..."

மங்களாம்பிகை கையும் களவுமாகப் பிடிபட்டவளாக விழித்தாள்.

"ஷமீரா அம்மா உளறிட்டாளா? சத்தியம் பண்ணினாளே!"

வேறு வழியில்லாமல் நோட்டை நீட்டினாள். உள்ளே பெரிய பெரிய எழுத்தில் இருபத்து மூன்று பெயர்கள், பக்கத்திலேயே போன் நம்பர்கள்.

"என்ன இது?"

"அன்னிக்குப் போன்ல அழுதியே, 'மாசத்துக்கு நாலு டார்கெட், ஒண்ணுகூட தேறல சார்'னு. எங்க தம்பி பஞ்சநதம் இன்சூரன்ஸுல இருந்தப்ப இப்படித்தான் டார்கெட் டார்கெட்னு சோறு தண்ணி இல்லாம அலைவான். ஒரு பாலிசி பிடிக்க எத்தனை வாசல்ல நிக்கணும்னு எனக்குத் தெரியாதா? நீயே வேலைக்குப் போய்ட்டு அலுத்துப்போய் வரே. சொன்னா வேண்டாம்பேன்னு உனக்குத் தெரியாம நானே ஆள் பிடிச்சேன். முதல் ரெண்டு வீட்டுல கேக்கவே கூச்சமா இருந்தது, அப்புறம் பழகிப்போச்சு. எல்லாரும் ஆளுக்கொரு பாலிசி எடுக்கறேன்னுட்டாங்க. நாலு போக மிச்சத்தை அடுத்த மாசத்துக்கு வெச்சுக்கோ."

எழிலுக்குச் சிரிப்பு பீறிட்டது. கூடவே கண்ணும் நிறைந்தது. எதைத் துடைப்பது என்று தெரியாமல் பெயர்களைப் படித்துக்கொண்டே போனவள், கடைசிப் பெயரில் நின்றுவிட்டாள்.

"அத்தை... காத்தான்னு எழுதியிருக்கு. இது எங்கப்பா!"

"ஆமா, அங்கேருந்துதான் வரேன். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் மட்டும் ஏனோ சிரிச்சுக்கிட்டே பேரை எழுதிக்கச் சொன்னாரு," என்று குடையை மடக்கியபடி சொன்னாள் மங்களாம்பிகை. "உங்கம்மா காப்பி ரொம்ப நல்லாப் போடறாங்கம்மா. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சேன்."