தார்ப்பாய் முடிச்சு

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து வந்த செவ்வந்திக்கு டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது, கைகளைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதுதான். மகனாகப் போனவள் மகளாகத் திரும்பி வந்திருந்த அந்த வீட்டில் அப்பா நாச்சிமுத்துவைத் தவிர யாருமில்லை. இடுப்புவரை வளர்ந்த கூந்தல் சிக்குப் பிடிக்கத் தொடங்கிய ஒரு காலையில் அவர் தாமாகவே சீப்பை எடுத்தார். அவள் மார்புப் பக்கம் தன் கண் போய்விடாதபடி முதுகு காட்டி உட்காரச் சொன்னார். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவருக்குத் தெரிந்த பின்னல் தார்ப்பாய் கட்டும் கயிற்றின் முறுக்குதான். முறுக்கி, இழுத்து, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"கல்கத்தா போனாலும் அவுறாது" என்றார். அவள் வந்ததிலிருந்து அவர் நின்று பேசிய முதல் பேச்சு அது.

அவிழத்தான் இல்லை. தினமும் அவரே அவிழ்த்தார், அவரே பின்னினார்.

டாக்டர் காயக்கட்டைப் பிரித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, செவ்வந்தி ஓடிப்போய் உயரக் கொடியில் கிடந்த துணிகளை இரண்டு கைகளாலும் எட்டி உருவினாள். திரும்பியபோது அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் வெயிலில் முக்காலியைப் போட்டார். சீப்பு கையில் இருந்தது.

"கை இன்னும் மேல தூக்க வரலீல்ல?"

"வரலீங்கப்பா."

"அப்ப உக்காரு, கண்ணு."